பாதி முகத்தில் கண்ணாடி காட்டிய ஜோதி அக்கா

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் மைதாப் பசை. முகமூடிக்காக, ஊதிய பலூன் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருந்தேன். போனை அம்மா எடுத்தார்கள். "கையக் கழுவிட்டு வாட்டி" என்றார்கள். கழுவி முடித்த பிறகுதான் சொன்னார்கள். பக்கத்து ஃபிளாட் ஜோதி அக்கா, பியூட்டி பார்லரில் டூட்டியில் இருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்துவிட்டார்கள்.

இங்கே வளைகுடாவில், ரோலா பகுதியில் எங்கள் கட்டடத்தில் அவர்களைத் தெரியாதவர் இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர். சிரித்தால் லிஃப்ட் வரை கேட்கும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றபின், யார் பெல் அடித்தாலும் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அக்கா மட்டும் சமையலறைக்கே வந்து பேசுவார்கள்.

நாங்கள் முகமூடி செய்யத் தொடங்கிய முதல் வருடம், மூன்றாம் மாடி ரேவதி ஆன்ட்டி வந்தார்கள். மகனின் பள்ளியில் ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேஷம் போடுகிறார்கள், "பயமுறுத்துற பூசணிக்காய் மாதிரி ஒண்ணு வேணும்" என்றார்கள்.

"பயமுறுத்துற பூசணிக்காய் நமக்குத் தெரியாதா?" என்று அக்கா ஒப்புக்கொண்டார்கள்.

முகமூடி என் வேலை, சாயம் அக்கா வேலை. அக்டோபர் ஈரக்காற்றில் காகிதம் காயவே இல்லை. பால்கனியில் ஏசியின் சூட்டுக்காற்று அடிக்கும் பக்கம் கட்டித் தொங்கவிட்டோம், கல்லாக இறுகியது. ஊரில் புது வீட்டு முன்னால் திருஷ்டிக்குத் தொங்கும் பூசணிக்காயின் முகத்தை அக்கா அதில் அப்படியே வரைந்தார்கள். உருட்டு விழி, தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை.

"ஐயோ, என்னங்க இது? ஆரஞ்சு கலர்ல பல்லக் காட்டிச் சிரிக்கணும்ங்க!"

"இதப் பாத்தா உங்க பிள்ளை மேல ஒரு கண்ணும் படாது. தைரியமாக் கூட்டிட்டுப் போங்க."

பையன் அன்று அதைக் கழற்றாமலே தூங்கினானாம். அடுத்த வருடம் வௌவால், சூனியக்காரி எல்லாருக்கும் மீசை வேண்டும் என்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வருடம்தான் முகத்திலேயே சாயம் போடத் தொடங்கினோம். வந்தவர்களில் குட்டிப் பெண் நிலா, பூனை வேஷம் முடிந்து கண்ணாடியைப் பார்த்ததும் அலறிவிட்டாள். அதன்பின் அக்கா ஒரு வழக்கம் வைத்தார்கள்: பாதி முகம் முடிந்ததும் கண்ணாடி காட்டுவார்கள். "தான் எங்கயும் போயிரலன்னு பிள்ளைக்குத் தெரியணும்ட்டி. பொறவு மிச்சத்தப் போடு."

இந்த வருடம், "முகமும் நீதான் போடுத. நான் பசை கிண்டுதேன்" என்றார்கள்.

"எனக்கு ஆள் முகத்தப் பாக்கவே வராதுக்கா."

"முகத்த யாரு பாக்கச் சொன்னா? மூக்கப் பாரு. அங்கருந்து ஆரம்பி."

அதுவே கடைசிப் பேச்சு.

அக்காவின் வீட்டுக்காரர் உடலை ஊருக்குக் கொண்டுபோனார். "இந்த வருஷம் கடையில வாங்கிக்கிறோம், பாவம்" என்று தாய்மார்கள் சொன்னார்கள். இதை விட்டால் இனி ஒருபோதும் நான் சமையலறையைவிட்டு வரமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அன்று மாலை நானே மாடி மாடியாக இறங்கி பெல் அடித்தேன். ஒவ்வொரு கதவிலும் மூக்கைப் பார்த்தே பேசினேன்: "பிள்ளைகள அனுப்புங்க. நான் போடுதேன்."

முதலில் நிலா வந்து உட்கார்ந்தாள். நான் தூரிகையை நனைத்தேன்.

"ஜோதி ஆன்ட்டி போட மாட்டாங்களா?"

"அவங்க இறந்துட்டாங்கம்மா. நான் போடட்டுமா?"

முகத்தை என் பக்கம் நீட்டினாள். பிறகு, "மீசை வைப்பீங்களா?" என்றாள்.

மூக்கில் தொடங்கினேன். பாதி முகம் முடிந்ததும் அக்காவின் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அவள் சிரித்தாள், பாதி பூனையும் பாதி நிலாவுமாக. அப்போதுதான் கவனித்தேன், நான் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்ணாடியின் மூலையில் போன வருடத்து வெள்ளைச் சாயத்தில் அக்காவின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அதன் மேல் என் கை படாமல் பிடித்து, கடைசிப் பிள்ளைவரை காட்டினேன்.

போய் வாருங்கள், அக்கா. அடுத்த வருடம் பசையும் நானே கிண்டிக்கொள்கிறேன்.