கட்டைவிரலில் இறங்கிய ஊசி

என்னோடு படித்த மாட்டு டாக்டர்களுக்கு,

இன்று காலை ஏனாத்தூரில், மாட்டின் சினையைக் கலைக்கும் கன்று வீச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டேன். கிடேரிக் கன்று துள்ளியதில் ஊசி என் கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. மனிதனுக்குள் போனால் மாதக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்தில் காளைக்கன்றைப் பிடித்தபடி நின்ற மாட்டுக்காரர் கேட்டார்:

“இதுக்குப் போடக்கூடாது, போட்டா விரை வீங்கிக்கும்னு இப்பதானே சார் சொன்னீங்க?”

“ஆமாம்பா.”

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப உங்களுக்கு?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதிலிருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

உங்களில் யாருக்காவது இந்த ஊசி குத்தியிருந்தால், எத்தனையாம் நாள் காய்ச்சல் வந்தது என்று கடிதம் போடுங்கள்.

வரவே இல்லை என்றால் தந்தி அடியுங்கள்.