ரோஜா செல்லுக்குள் மஞ்சள்

ஓசூரில் "அந்த லேப்ல அப்படி என்னதான் பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. ரோஜா இதழில் ஒரே ஒரு செல்லை, முடியைவிடச் சன்னமான கண்ணாடி ஊசியால் குத்தி, அதற்குள் இருக்கும் சாற்றுப்பையிலிருந்து துளி உறிஞ்சி, என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று பார்க்கிறோம். "ஒரு பூவுக்கு இவ்ளோ அக்கப்போரா?" என்பார் வீட்டு ஓனர். சிவப்பு ரோஜா போகப் போக ஏன் நீலம் பாரிக்கிறது என்று தெரிந்தால்தான் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத் தூக்கம் வரும்.

அந்தத் துளியின் மூலக்கூறுகளை எடைபோடும் மெஷின் மேல் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கண். இங்கே அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க டைரக்டர் அம்மா வருவதாக இருந்தது. திருப்தி இல்லையென்றால் மெஷின் பெங்களூருக்குப் போகும். பின்னாலேயே நாங்களும் போக வேண்டும், தினமும், அத்திப்பள்ளி டிராபிக்கில்!

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் மேனேஜர் குருபரப்பள்ளிக்காரர், கண்டிப்பானவர். "பக்கத்து கம்பெனியில லேத்துக்கு மாலை போடட்டும், பூசணிக்கா ஒடைக்கட்டும். நம்ம லேப்ல ஒரு சிட்டிகை விபூதிகூட உள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பொரிகடலையை வராந்தாவில் நின்று தின்றோம்.

லீவு முடிந்து வந்து செல்லைக் குத்தினால், அதுவரை பார்க்காத ஒரு பொருள் வந்து நிற்கிறது. வேறு செல்லிலும் அதே. "புதுசும்மா! யாருமே கண்டுபிடிக்காதது!" என்று மேனேஜர் குதித்தார். கையோடு பெங்களூருக்குப் போனும் போட்டுவிட்டார். எனக்கு மட்டும் உறுத்தியது. எந்தச் செல்லையும் தொடாத வெறும் ஊசியை மாட்டி ஓட்டினேன். அதிலும் அதே பொருள். எடையை வைத்துத் தேடினால், மஞ்சள்! சாம்பாரில் போடுகிறோமே, அதே மஞ்சள்.

ஊசி மாட்டும் தண்டின் பின்பக்கம் டார்ச் அடித்தேன். மஞ்சள் பூசி, நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. ஊசி மாட்டும்போதெல்லாம் அந்தப் பொடி கையுறையில் ஒட்டி ஊசிக்கும் போயிருக்கிறது.

"யார் சார் இந்த வேலையப் பாத்தது?"

மேனேஜர் சீலிங்கைப் பார்த்தார். "மெஷின் இங்கயே இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்மா. பின்னாடிதான, யாருக்குத் தெரியப்போவுது?"

"மெஷினுக்குத் தெரிஞ்சிருச்சே சார்!"

துடைக்க நேரமில்லை. டைரக்டர் அம்மா வந்து இறங்கிவிட்டார். "எங்கே அந்தப் புதுப் பொருள்?" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொள்வதற்கு டிராபிக்கே தேவலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டைரக்டர் அம்மா குனிந்து பொட்டைப் பார்த்தார். "ஏன்ரீ இது, என்ன இது!" என்று கன்னடம் கலந்து சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். போச்சுடா என்று நினைத்தேன்.

"ஊசி நுனியில மஞ்சள் கண்ணுக்குத் தெரிஞ்சதா?"

"மைக்ராஸ்கோப்புலகூடத் தெரியல மேடம்."

"அதையே மெஷின் கண்டுபிடிச்சிருக்கு. நீங்களும் வெறும் ஊசிய ஓட்டிப் பார்த்திருக்கீங்க. அப்புறம் மெஷினுக்கும் உங்களுக்கும் என்ன குறை? இங்கேயே இருக்கட்டும். முதல்ல அதைத் துடைங்க."

கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? பொட்டுதான் காப்பாத்துச்சு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு உள்ளே போனேன். துடைப்பதற்கு முன்னால் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான்.