பெட்டி இப்போது யார் கையில்?

பெட்டி தூக்குகிறவர்களுக்கு முதுகு வலிக்கும்; பெட்டி தூக்குவதைத் திரையில் காட்டுகிற எங்களுக்கு ஆள்காட்டி விரல் வலிக்கும்.

என் தொழிலைச் சொன்னால் என் வீட்டிலேயே யாருக்கும் புரிவதில்லை. ஆனால் நீங்கள் அந்த வேதனையை அனுபவித்தவர்கள். ஒரு போட்டோவை மௌஸால் பிடித்து ஒரு ஃபோல்டருக்கு இழுத்துக்கொண்டு போகும்போது, வழியில் கை வழுக்கி அது எங்கோ விழ, பிறகு அரை நாள் தேடியிருப்பீர்கள் அல்லவா? அந்த ‘வழியில்’ என்பதுதான் என் பிழைப்பு. பொத்தானை அமுக்கியதற்கும் விட்டதற்கும் நடுவே திரையின் அம்புக்குறி எங்கெங்கே போனது என்று விடாமல் கவனிக்கும் நிரலை எழுதுகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு, கப்பலில் போகும் பெரிய இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் இடம். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை, சுவரில் மாட்டிய இரும்புப் பலகையில் காந்தத் துண்டுகளை நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் இடத்துக்கு என் திரை வந்தது. திரையில் ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்தால், அது நகர்வது ஸ்டேக்கர் ஓட்டுநரின் டேப்லெட்டிலும் நிழல்போலத் தெரியும். ஸ்டேக்கர் என்பது பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கும் வண்டி. இங்கே பொத்தானை விட்டதும் அங்கே நிழல் உத்தரவாகிவிடும்; ஓட்டுநர் நிஜப் பெட்டியைத் தூக்கி அந்த இடத்தில் வைப்பார்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தவள் தனம். வியாசர்பாடிப் பெண். அதுவரை கேட்டில் நின்று, ட்ரெய்லர்கள் கிளப்பும் புழுதியில், உள்ளே வரும் பெட்டிகளின் எண்களைக் கத்திச் சொல்லும் வேலை பார்த்தவள். இப்போது அவளுக்கு நாற்காலி, ஃபேன், சாத்திக்கொள்ள ஒரு கதவு. ஆனால் எல்லாம் மாதக் கடைசி வரை வெள்ளோட்டம்தான். திரை சரிப்படாவிட்டால் பலகை திரும்பி வரும். தனம் கேட்டுக்குத் திரும்பிப் போவாள். மேனேஜர் ஞானராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பலகையைப் பல வருடம் ஆண்டவர். அதை அவர் தூக்கிப் போடவில்லை. பெட்ஷீட்டில் சுற்றித் தன் அறையில் நிறுத்தி வைத்திருந்தார்.

மூலையில் தொங்கிய பெட்டி

முதல் நாள். தனம் ஒரு பெட்டியின் நடுவில் அம்புக்குறியை வைத்துப் பிடித்தாள். பிடித்ததுதான் தாமதம், பெட்டி குதித்து, தன் இடது மேல் மூலை அம்புக்குறியில் மாட்டிக்கொள்ளத் தொங்கியது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி அதன் மூலையை வைத்துத்தான் சொல்லும். நானும் மூலையையே அம்புக்குறியோடு கட்டிவிட்டிருந்தேன். பிடித்த இடம் மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளியை வழி முழுக்கக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சின்ன வேலைதான், நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தேன்.

ஸ்டேக்கர் ஓட்டும் காஜா பாய் ராயபுரத்துக்காரர். டீ கிளாஸோடு மேலே ஏறி வந்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயைக் குடித்து முடித்தார். அந்தச் சின்ன வேலையை அன்றைக்கே நான் உட்கார்ந்து முடித்ததற்குக் காரணம், அதற்குப் பிறகு அவர் சொன்னது: “இன்னா மேடம், ஒத்த மூலையப் புட்சிகினு தூக்கறீங்க? நெஜத்துல இப்டி தூக்குனா, கீய நிக்கிறவன் வூட்டுக்கு நீங்கதான் போயி சேதி சொல்லணும்.”

ஆடும் அறை

தனத்தின் அறை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு பழைய பெட்டிகளில் மேலே உள்ளது. பாரம் ஏற்றிய ட்ரெய்லர் பக்கத்தில் போனால் தரை ஆடும், மேசை ஆடும், மேசையிலுள்ள மௌஸும் ஒரு நெல்மணி அளவு நகரும். தனம் ஒரு பெட்டியின் எண்ணைப் பார்ப்பதற்காக அதன்மேல் பொத்தானை அமுக்கினாள். அந்த நேரம் பார்த்து ட்ரெய்லர் போனது. ‘அமுக்கினாள், அம்புக்குறி நகர்ந்தது; ஆகவே இழுக்கிறாள்’ என்று என் நிரல் முடிவு கட்டியது. பெட்டி அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தது. காஜா பாய் நிஜப் பெட்டியைத் தூக்கி அடுத்த வரிசையில் வைத்தார். தனம் பதறிப்போய்த் திரும்ப இழுத்தாள். பாய் திரும்ப வைத்தார். இன்னொரு ட்ரெய்லர் வந்தது. வாக்கி டாக்கியில் பாயின் குரல் பொறுமையாகக் கேட்டது: “தனம், அந்தப் பொட்டிக்கு இன்னா பேஜாரு? கொசுக்கடில பொரள்ற மாரி இங்கியும் அங்கியும் பொரண்டுகினே கீது.”

இதற்கு மருந்து எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அம்புக்குறி குறிப்பிட்ட தூரம் நகர்ந்தால்தான் அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நகர்ந்தால் கை நடுக்கம். மற்றவர்கள் அந்தத் தூரத்தை மனிதக் கைக்கு ஏற்றபடி வைப்பார்கள். நான் ட்ரெய்லருக்கு ஏற்றபடி வைக்க வேண்டியிருந்தது. இருப்பதிலேயே கனமான வண்டி வரட்டும் என்று ஜன்னலோரம் காத்திருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தை எதிர்பார்ப்பதுபோல் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு ஞானராஜ் மேலே வந்தார். குரலை உயர்த்தவில்லை, தனத்தையும் என்னையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார்: “பலகையில காந்தத்த வச்சா வச்ச இடத்துல நிக்கும், லாரி போச்சுன்னு நகராது பாத்துக்கிடுங்க. இனி ஒரு பெட்டி சும்மா அலைஞ்சுதுன்னா, மறுநாளே பலகைய மாட்டிருவேன்.”

கடலில் வைத்த பெட்டி

அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால், மேலே உள்ளவற்றை முதலில் தரையில் இறக்கி வைக்க வேண்டும். யார்டில் அதற்கென்று ஓரமாக வெற்றிடம் விட்டிருப்பார்கள். என் திரையில் அடுக்குகளை அழகாக வரைந்திருந்தேன், தரையை வரையவில்லை. அடுக்குகள் இருக்கிற இடத்தில் தரை இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தனம் மேல் பெட்டியைப் பிடித்தபடி வைக்க இடம் தேடினாள். என் நிரல் ஓடும் சன்னல், கணினித் திரை முழுவதையும் அடைத்திருக்கவில்லை. வலது பக்கம் கணினியின் பின்னணிப் படம் எட்டிப் பார்த்தது. நீலக் கடல், வெள்ளை மணல். பெட்டியை அங்கே கொண்டுபோய் விட்டாள். என் நிரலுக்கோ தன் சன்னலுக்குள் நடப்பது மட்டுமே காதில் விழும். அமுக்கியது கேட்டது, இழுத்தது கேட்டது. விட்டது வெளியே நடந்ததால் கேட்கவே இல்லை. அம்புக்குறி உள்ளே திரும்பியதும், ‘இவள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்’ என்று பெட்டியை அதோடு ஒட்டி அனுப்பியது. தனம் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ட்ரெய்லர் போகும்போதெல்லாம் பெட்டி தானாக நெளிந்தது. பாயின் டேப்லெட்டில் அதன் நிழலும் நெளிந்தது. நல்லவேளை, எங்கும் இறங்காததால் உத்தரவு எதுவும் போகவில்லை.

ஒருமுறை அமுக்கிவிட்டால், அம்புக்குறி எங்கே போனாலும், விடுகிற வரை சேதி முழுவதும் எனக்கே வர வேண்டும் என்று கணினியிடம் கேட்டுக்கொள்ள ஒரு வழி உண்டு. அதைச் செய்தேன். ஓரத்தில் ‘தரை’ என்று ஒரு பட்டையும் வரைந்தேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. ஏன் வெளியே கொண்டுபோனாய் என்று தனத்திடம் கேட்டேன். அவள் சங்கடப்படாமல் சொன்னாள்: “கடல்லதான்க்கா வெச்சேன். உங்க யார்டுல ஒரு அடி தரை இல்ல, அங்கதான் எடம் காலியா கீது.”

தூக்கினால் நில்

இழுக்கிற தூரம் நீளமாக இருந்தால் பொத்தானை அமுக்கியபடியே இருக்கும் விரல் வலிக்கும். இதை என் விரல் அறியும். அதனால் ஒரு வசதி வைத்திருந்தேன். கை சற்று நேரம் அசையாமல் நின்றால், ‘இடம் வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு நிரல் தானே பெட்டியை இறக்கிவிடும். இதற்காக யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

தனம் பெட்டியைத் தூக்கினாள். அது இருந்த இடத்திலேயே விழுந்தது. மறுபடி தூக்கினாள்; மறுபடி விழுந்தது. கவனித்தபோதுதான் புரிந்தது. அவள் தூக்கியதும் கொஞ்சம் நிறுத்துகிறாள். “நிறுத்தாம இழு தனம்” என்றேன். “பாயி நிறுத்தறாரேக்கா” என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காஜா பாய் ஒரு பெட்டியைக் கவ்வி, ஒரு சாண் உயரம் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தினார். கீழ்ப் பெட்டியோடு பிணைத்த பூட்டு எல்லா மூலையிலும் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் மேலே தூக்கினார். ஒரு பூட்டு கழலாமலிருந்தால் கீழ்ப் பெட்டியும் சேர்ந்து வரும். திரையில் பூட்டே கிடையாது என்று தனத்துக்குத் தெரியும். ஆனாலும் வருடக்கணக்காகப் பார்த்த பழக்கம், அவள் கை தானாக நின்றது.

என் வசதியைப் பற்றி பாயிடம் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அதை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “தூக்குன கையோட ஓடறவன் எவனும் இந்த யார்டுக்கு ரெண்டாம் நாள் வேலைக்கு வந்ததில்ல மேடம்.”

முதலாளியின் விரல்

மாதக் கடைசி வந்தது. முடிவு சொல்ல முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால் பெட்ஷீட் சுற்றிய பலகையோடு ஞானராஜ் படியேறினார். தனம், கேட்டில் போட்டுக்கொள்ளும் பழைய பூட்ஸைப் பையில் கொண்டுவந்து நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தாள்.

இறால் ஏற்றிய குளிர்பெட்டி ஒன்று வந்திருந்தது. அதை கரன்ட் ப்ளக் உள்ள வரிசையில் வைக்க வேண்டும். தனம் மௌஸால் அதைப் பிடித்தாள், தூக்கினாள், நிறுத்தினாள். “எங்க வைக்கப் போற?” என்று கேட்ட முதலாளி, “இங்கயா?” என்று ஆள்காட்டி விரலால் திரையின் கண்ணாடியைத் தொட்டார். அது தொடுதிரை என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். கணினிக்கு மௌஸும் ஒன்றுதான், முதலாளியும் ஒன்றுதான். அம்புக்குறி ஒரே பாய்ச்சலில் அவர் விரலுக்குப் போனது. கூடவே பெட்டியும் போனது. விரல் இருந்த இடம், வெயிலில் காலிப் பெட்டிகள் நிற்கும் வரிசை. விரலை எடுத்தால் விட்டதாக அர்த்தம். இறால் வெயிலுக்குப் போகும், பெட்டி சும்மா அலையும், பலகை சுவருக்கு ஏறும்.

“ஐயா, கைய எடுக்காதீங்க” என்றாள் தனம்.

முதலாளி விரலோடு உறைந்து நின்றார். ஞானராஜ், “ஏ பிள்ள, யாருகிட்ட என்ன பேசுத?” என்றார். தனம் அவர் பக்கம் திரும்பவில்லை. “எடுத்தா பொட்டி அங்கியே எறங்கிடும் ஐயா. கண்ணாடிய வுடாம அப்டியே இழுத்துகினு வாங்க. மெதுவா.” இழுப்பதைப் பாதியில் ரத்து செய்வதற்கென்று கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது என்பது, அதை வைத்த எனக்கே அன்று சாயங்காலம் பெரம்பூர் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. முதலாளி பெட்டியை இழுக்க ஆரம்பித்தார். அது காலி வரிசையைக் கடந்து, தரைப் பட்டையில் ஏறி, நெளிந்து நெளிந்து வந்தது. நிழலை டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்த காஜா பாயின் குரல் வாக்கி டாக்கியில் வந்தது: “இன்னா தனம், இன்னிக்கி கை இப்டி நடுங்குது? ஜொரமா, நாஷ்டா துன்னலியா?” முதலாளி வாக்கி டாக்கியை ஒருமுறை பார்த்தார். விரலை எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் ரைட்டுல. ஆங். இப்ப நில்லுங்க.” நின்றார். “நல்லா பாத்துக்குங்க. ப்ளக்கு கீதா?” இருக்கிறது என்று தலையாட்டினார். “இப்ப எடுங்க.” தோசைக்கல்லைத் தொட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கீழே ஸ்டேக்கர் குளிர்பெட்டியைக் கவ்வி, ஒரு சாண் தூக்கி, நின்று, பிறகு ப்ளக் வரிசைக்கு எடுத்துப் போனது. அது இறங்குகிற வரை அவர் நகரவில்லை. “அண்ணாச்சி, பலகைன்னா இந்தத் தொந்தரவே கிடையாது” என்று ஞானராஜ் பெட்ஷீட்டின் முடிச்சை அவிழ்க்கப் போனார். முதலாளி ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “அத உள்ள கொண்டு வையும் வே. இந்தப் பிள்ளைய கேட்டுக்கு அனுப்பிட்டீருன்னா, அடுத்த தடவ நான் பெட்டி தூக்கும்போது நில்லுன்னு சொல்ல யாரு இருக்கா?”

டக்

பூட்ஸ் பையோடு வீட்டுக்குத் திரும்பியது. ஞானராஜ் மட்டும் சில நாள் மேலே வந்து, தனம் பெட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்; ஏதோ குறைகிறது என்பார். கடைசியில் கண்டுபிடித்தார். பலகையில் காந்தம் ஒட்டும்போது ‘டக்’ என்று கேட்குமாம். அது கேட்டால்தான் பெட்டி இறங்கியதாக அவர் மனது ஒப்புக்கொள்ளுமாம். பெட்ஷீட்டை அவிழ்த்து, காந்தத்தை ஒட்டி ஒட்டி, அந்தச் சத்தத்தை செல்போனில் பதிவுசெய்து திரைக்குக் கொடுத்தேன். ஞானராஜின் முகம் தெளிந்தது. பாயின் டேப்லெட்டுக்கும் அதே சத்தம் போனது. சாயங்காலம் அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து கேட்டார்: “மேடம், பொட்டி எறங்கற சத்தமா இது? இப்டி எறங்கும்னா எனக்கு எதுக்கு பூட்ஸு, ரப்பர் செருப்பு போதுமே.”

ஆக, திரையில் ஒரு பெட்டியைத் தூக்குவதும் இறக்குவதும் எளிது. நடுவில் அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதைத் தெரிந்து வைத்திருப்பவள் என்னவோ தனம்தான்.