முனியாண்டி அண்ணன் அடித்த வரி

முனியாண்டி அண்ணன் இறந்த செய்தியை அவர் மகள் செல்வி கைப்பேசியில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நெஞ்சு வலிக்கிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்குக் கூப்பிடப் போனால், "நாளைக்குப் போலாம் சார், என்ன அவசரம்" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் ஊரான காஹாங்கில் அவரை அறிந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலத்தில், வடக்கே தாய்லாந்து எல்லைப் பக்கம் ராணுவ லாரி ஓட்டியவர் அவர். ஓய்வுபெற்று வந்து செம்பனைத் தோட்டத்திலும் லாரிதான் ஓட்டினார். எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத, ஆசிரியரான நான் ஆறு முறை அவர் வீட்டுக்கு நடந்தேன். போரைப் பற்றிக் கேட்டால், சேற்றில் புதைந்த டயருக்கு அடியில் எந்த மரக்கிளையைப் போடவேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்வார். "அதான் சார் வேலை" என்று முடிப்பார்.

வேறு வழியில்லாமல் நானே ஒரு வரி சேர்த்தேன்: 'எதிரிகளோடு நேருக்கு நேர் போரிட்ட வீரர்.' மலர் அச்சாகி வந்த மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டார்.

"யார் சார் போரிட்டது?"

"நீங்கதாண்ணே. ராணுவத்துல இருந்தீங்கல்ல."

"ஒரு தோட்டாகூட நான் சுடல. லாரி ஓட்டினேன்."

"அலமாக், என்னண்ணே இது! பிள்ளைங்க படிச்சா ஒரு பெருமைதானே. விடுங்கண்ணே."

விடவில்லை. கறுப்புப் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு நூலக அறையில் உட்கார்ந்து, முந்நூறு பிரதிகளிலும் அந்த வரியை அடித்தார். மை மறுபக்கம் ஊறி, தலைமையாசிரியர் படத்தில் மீசை மாதிரி விழுந்தது. அதற்கு நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

இரண்டாம் நாள் பொறுக்கமுடியாமல், "ஒரு வரியில என்னண்ணே கெட்டுப்போச்சு?" என்று கத்திவிட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. "எறங்கிப் போய்ச் சண்ட போட்டவன் தங்கராசு. என் லாரியிலதான் கூட்டிட்டுப் போனேன். அதே லாரியில படுக்க வச்சுக் கொண்டுவந்தேன். அவன் செஞ்சத என் பேர்ல எழுதாதீங்க."

அப்படியானால் தங்கராசுவைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க" என்றார். அந்த அம்மாள் காலமாகிப் பல வருடம் ஆயிற்று என்பதையும் அவரேதான் சொன்னார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இறுதிச்சடங்கில் பேசவந்த ஊர்ப் பிரமுகர் ஒருவர், அண்ணன் தனியாளாகப் பத்துப் பேரைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. நான் எழுந்தேன்.

"மன்னிக்கணும் ஐயா. அண்ணன் யாரையும் சுடல. லாரி ஓட்டினாங்க."

பிரமுகர் முகம் சுருங்கியது. அண்ணனின் மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், இன்னிக்கு ஒரு நாள் விடக்கூடாதா?" என்றார்.

விட முடியவில்லை. இத்தனை காலம் என்னைப் பாடாய்ப் படுத்திய அந்தப் பிடிவாதத்தை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கேட்கவில்லை, ஆனாலும் இனி அது என்னுடையது.