மிச்சமிருந்த ஒரே ஆக்டிவேஷன்

சேகருக்கு மிச்சமிருந்த ஒரே ஆக்டிவேஷனைத் திருடியவன் நான்தான்.

திருடியதோடு நின்றேனா? இல்லை! திருடிவிட்டு, அவன் கட்டிலருகே போய் உட்கார்ந்து, கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சேகர் சாகிறவரைக்கும் திட்டினேன்.

நீங்கள் சிரிக்கலாம். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு... இதற்கா இத்தனை புலம்பல் என்று கேட்கலாம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் என் மனத்தைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தேன். முழுவதும் கேளுங்கள். அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

என் பெயர் ஏழுமலை. இரண்டாயிரத்து ஆறில் மரக்காணம் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர், டைப்பிங், போன் லைனில் இழுத்த நெட். வேலைக்குப் பஞ்சமே கிடையாது. உப்பளத்துக் காற்று எந்த மதர்போர்டையும் அதிக நாள் வாழ விடாது. பச்சை பூத்து, ஈயம் அரித்து, ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

சேகர் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளை. இருபத்தாறு வயதில் அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் பாண்டிச்சேரி போவான். மற்ற நாட்களில் கட்டிலும், கட்டிலுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டரும்தான் அவனுக்கு உலகம். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். சோற்றில் உப்பு கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு உப்பு குவிந்து கிடக்கும். அவன் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை விழாது.

அவனைப் பார்த்துக்கொண்டவர் அவன் அக்கா கலைவாணி. அக்காவின் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவர்தான் அந்த விளையாட்டை வாங்கி அனுப்பினார். அசல் வட்டு! பெட்டியும் வழவழப்பான புத்தகமுமாக வந்திறங்கியது. ஊருக்கெல்லாம் நகல் வட்டு போட்டுக் கொடுத்துப் பிழைத்த நானே அதுவரை ஓர் அசலைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

விளையாட்டின் கதை இதுதான். சுரங்கம் இடிந்து உள்ளே சிக்கிக்கொண்ட தம்பியைத் தேடி ஓர் அண்ணன் இறங்குகிறான். ஒவ்வொரு தளமாக, கீழே... இன்னும் கீழே... மொத்தம் பத்துத் தளங்கள். ஒற்றை ஆளாக ஆடுவது. ஆடுவதற்கு நெட் தேவையில்லை. ஆனால் முதலில் ஏற்றும்போது மட்டும் நெட்டில் போய் அந்தக் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். கம்பெனி அந்தக் கம்ப்யூட்டரை அடையாளம் குறித்துக்கொள்ளும். வேறு கம்ப்யூட்டரில் ஏற்றினால் இன்னோர் அனுமதி. ஒரு வட்டுக்கு மூன்றே மூன்று. அதைத்தான் ஆக்டிவேஷன் என்றார்கள்.

சேகர் வீட்டில் நெட் கிடையாது. ஆகவே அவனுடைய சிபியுவைப் போர்வையில் சுற்றி, என் டிவிஎஸ் வண்டியில் கட்டி, கடைக்குக் கொண்டுபோனேன்.

"பள்ளத்துல உடாம போடா. என்னக் கூட இவ்ளோ பத்திரமா எவனும் ஏத்தினு போனதில்ல," என்று வாசல்வரை வந்து சிரித்தான்.

முதல் ஆக்டிவேஷன் அப்படிப் போயிற்று.

அதன்பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே ஆடினோம். நான் இல்லாமல் அவன் தொடமாட்டான். "நீ வந்தாத்தான்டா எறங்குவேன். தனியா எறங்கனா பயமாகீது," என்பான். சுரங்கத்தில் அந்த அண்ணன்காரன் குடுவையைத் தூக்கி மடக்மடக்கென்று குடிக்கும்போது சேகர் விரலை எடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். "எவ்ளோ குடிக்கிறான் பாரேன், கொடுத்து வெச்சவன்!" அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே திரையைப் பார்த்து, "அந்த ஆளுக்குக் காலு நோவாதாப்பா?" என்று கேட்பார். ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. ஆனாலும் மூவருக்கும் அந்தத் தம்பி எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்.

சித்திரை வெயிலில் உப்பு வாரும் நாட்களில் சேகரின் போர்டு செத்தது. புதுப் போர்டு போட்டேன். கம்பெனியின் கணக்கில் போர்டு மாறினால் அது வேறு கம்ப்யூட்டர்! உப்புக் காற்றைப் பற்றி அந்தச் சீமையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தெரியும்? இரண்டாவது ஆக்டிவேஷனும் போயிற்று. 'இன்னும் ஒன்று மீதி' என்று திரை சொன்னது.

அன்று மதியம் சிபியுவும் வட்டும் பெட்டியும் என் கடையில் இருந்தன. சேகர் பாண்டிச்சேரியில், டயாலிசிஸ் கட்டிலில். நாங்கள் ஏழாவது தளத்தில் நின்றிருந்தோம். டயாலிசிஸ் முடிந்து வந்தால் இரண்டு நாளுக்கு அவனால் நிமிர்ந்து உட்கார முடியாது. அந்த இரண்டு நாளை என்னால் பொறுக்க முடியவில்லை. என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு முன்னால் தெரிய வேண்டும்! ஆமாம், அதுதான் உண்மை. எழுந்து நடக்க முடியாத ஒருவன்மேல் எனக்குப் பொறாமை.

வட்டை என் கம்ப்யூட்டரில் போட்டேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நகல் எடுத்துப் பிழைத்தவன் நான். நகல் எடுத்தால் அசலில் ஒன்றும் குறையாது என்பதுதான் நாங்கள் அறிந்த நியாயம். எத்தனை நகல் எடுத்தாலும் அசல் அப்படியே இருக்கும், யாருக்கு என்ன நஷ்டம்? இதையும் அப்படி நினைத்துவிட்டேன் என்று சொல்லலாமா? பொய்! 'இதுவே கடைசி. தொடரலாமா?' என்று அது என்னைக் கேட்டது. கொட்டை எழுத்தில் கேட்டது. படித்தேன். புரிந்தது. அமுக்கினேன்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த இரண்டு பகலிலேயே ஆடி முடித்தேன்.

பத்தாவது தளத்தில் ஒரு பாறைச் சுவர். அண்ணன் அதை உடைக்கிறான், உடைக்கிறான், கை ஓய்ந்து கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்காருகிறான். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்கிறது. தம்பி உயிரோடு இருக்கிறான். இத்தனை நாளும் அவனும் அந்தப் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்... நான் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

முதலில் தோன்றியது, ஓடிப்போய் சேகரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு நடித்தேன். ஏழாம் தளத்தில் அவன் வழி தெரியாமல் சுற்றும்போது எனக்கும் தெரியாததுபோல் தலையைச் சொறிந்தேன். கூரை இடிந்து விழுந்தபோது, "அய்யய்யோ!" என்று கத்தினேன். நான் கத்தியதைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எட்டாம் தளத்துக்கு வந்து சேர ஆடி, ஆவணி ஆகிவிட்டது. அவனுக்கு உட்கார முடிந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஐப்பசி மழையில் புதுப் போர்டும் போயிற்று.

மறுபடியும் போர்வையில் சுற்றி எடுத்துப் போனேன். என்ன பதில் வரும் என்று தெரிந்தே எடுத்துப் போனேன். வேறு போர்டு போட்டேன், ஏற்றினேன், 'அனுமதிகள் தீர்ந்துவிட்டன' என்று வந்தது. திரும்பிப் போய் அவனிடம் சொன்னேன்.

சேகர் விரல்விட்டு எண்ணினான். "ரெண்டு வாட்டிதானே போட்டோம்? மூணாவது எவன்டா போட்டது?"

"சிங்கப்பூர்ல கடைக்காரன் போட்டுப் பாத்திருப்பான்டா. யூஸ் பண்ண டிஸ்க்க புதுசுன்னு வித்துட்டான்."

எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்! அக்கா அன்றைக்கே கணவருக்குப் போன் போட்டு, "ஒரு பொருள பாத்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு? சீக்காளிப் புள்ளைக்கு வாங்குறோம்னு ஒரு இது வேணாம்?" என்று பிடிபிடியென்று பிடித்தார். அந்த நல்ல மனிதர் மறுமுனையில் என்ன சொல்லியிருப்பாரோ... நான் பக்கத்திலேயே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

கள்ள வட்டு கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைத்தது. பாண்டிச்சேரியில் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். அது எட்டாம் தளத்தில் நின்றுவிட்டது. கீழே இறங்கும் கூண்டு அசையவே இல்லை. நகல் எடுப்பவனைப் பாதியில் தவிக்க விடுவதற்கென்றே அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். "வெச்சான் பாரு ஆப்பு!" என்று சேகர் அதற்கும் சிரித்தான்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. சிரமம் இருந்தால் எழுதுங்கள், பார்த்து இன்னோர் அனுமதி தருகிறோம் என்று அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது! பெட்டியையும் ரசீதையும் படம் எடுத்து ஒரு மெயில்... அவ்வளவுதான். அக்காவின் கணவர் சிங்கப்பூரிலிருந்து ரசீதை அனுப்பிவைத்தார். மெயில் அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஊரில் நெட் வைத்திருந்தவன் நான்தானே?

"மெயில் போட்டியாப்பா?"

"போட்டேங்கா. பதில் வரல."

நான் அனுப்பவே இல்லை. அனுப்பினால் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் என்றைக்கு ஏற்றியது என்று பட்டியல் வருமோ... அதில் என் கடை இருக்குமோ... இந்த ஒரு பயம்தான். வரும் பதிலைப் படிக்கப்போகிறவனும் நான்தானே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை! ஒரு மாதம், "இன்னும் வரல" என்றேன். அடுத்த மாதம், "வேணாம்னுட்டானுங்க" என்றேன். மனிதனா நான்?

ஒருநாள் தாங்க முடியாமல் போயிற்று. என் கம்ப்யூட்டரில்தான் அந்த விளையாட்டு இருக்கிறதே! அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேசைமேல் வைத்தால் முடிந்தது. வைத்துவிட்டு, நான்தான்டா எடுத்தேன், அடி, திட்டு, காறித் துப்பு, ஆனால் ஆடு என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் கிளம்பினேன். சிபியுவைக் கட்டிக்கொண்டு உப்பளத்து நடுவே பாதி தூரம் போனேன். பாத்தி மிதித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா ஏழுமல, சேகர் கம்ப்யூட்டர் ரெடியாயிடிச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா... இது வேற ஆளுது," என்றேன். வண்டியைத் திருப்பினேன்.

அந்த மனிதர் கேட்காதிருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை. அவர்மேல் பழி போடவும் எனக்கு வாய் வரவில்லை.

மார்கழியில், உடம்பு தாங்கவில்லை என்று டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க, தலையணையில் சாய்ந்து கிடந்தான். காலை பத்து மணி இருக்கும். அக்கா அடுப்படியில் இருந்தார். நானும் அவனும்தான்.

"ஏழுமல... அந்தத் தம்பிக்காரன் கெடச்சிருப்பானாடா?"

நான் அவன் தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

"செத்துத்தான் போயிருப்பான் இல்ல? அவ்ளோ கீழ... எத்தினி நாளு... எப்பிட்றா இருப்பான்?"

என்னையே பார்த்தான்.

இருக்கான்டா என்று ஒரு சொல்! உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்லவே வேண்டாமே! யார் வேண்டுமானாலும் சொல்வார்களே... எதிரே கிடப்பவனின் மனம் குளிர, இருப்பான்டா, கண்டிப்பா இருப்பான் என்று எவனும் சொல்வானே! வழிப்போக்கன்கூடச் சொல்லியிருப்பான். எனக்கு அது தோன்றவில்லை. ஒளித்து ஒளித்துப் பழகிய வாய், உண்மைக்கு நேர் எதிரான பக்கமே போயிற்று.

"இருக்கும்டா," என்றேன். "செத்துத்தான் போயிருப்பான்."

சேகர் தலையை ஆட்டினான். "நானும் அதான் நெனச்சேன்," என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் போய்விட்டான்.

அவன் அந்த விளையாட்டைப் பற்றித்தான் கேட்டானா? வேறெதையோ கேட்டானா? அதற்குத்தான் நான் அப்படிப் பதில் சொன்னேனா? எத்தனையோ முறை இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். தம்பி உயிரோடுதான் இருந்தான், சேகர்... உயிரோடுதான்டா இருந்தான்! இதைச் சொல்ல வேண்டிய நாளில் எனக்கு வாய் இருந்தது.

ஒவ்வொரு மார்கழியிலும் அவன் திதிக்கு அக்கா என்னைக் கூப்பிடுகிறார். கடைசிவரைக்கும் தம்பிகூட இருந்தவன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லி, முதல் பந்தியில் உட்கார வைக்கிறார். போன வருடம் பாயசம் ஊற்றிக்கொண்டே திடீரென்று கேட்டார்.

"ஏம்பா, எனக்கும் ரொம்ப நாளா கேக்கணும்னுதான்... அந்தச் சுரங்கத்துப் புள்ள கடைசில இன்னா ஆனான்? உனக்கு எங்கியாவது தெரிஞ்சிதா?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தலை பாதி நரைத்துவிட்டிருந்தது. கரண்டி அப்படியே நின்றது. சொன்னால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"தெரியலக்கா," என்றேன்.