அடுப்பு பார்க்கப் போன ஐயாவு

ஐயாவு வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டி வாய்க்காலை ஒட்டியிருக்கிற அந்தச் சிறிய ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. பிறகு அவர் வைக்கும் விரால்மீன் குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

கல்யாணமான மறுநாள் புதுப்பெண் அம்சம்தான் உலை வைத்தாள். சோறு அடிப்பிடித்தது. குழம்பில் புளி தூக்கலாகி வாயில் வைக்க முடியவில்லை. நடவு வயலில் அம்சத்தின் கைவேகத்துக்கு யாரும் ஈடு கிடையாது. அடுப்படிதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. ஐயாவு சாப்பிட்டு எழுந்தார். சாயங்காலம் அவரே அடுப்பு முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காயும் கருவாடும் போட்டு ஒரு குழம்பு வைத்தார். அம்சம் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

"இத எங்கங்க கத்துக்கிட்டீங்க?"

"திருச்சி ஜெயில்ல."

அவள் சிரித்தாள். ஆனால் அது உண்மை. மீசை அரும்பிய வயதில், அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் வேலையை நிறுத்தியபோது, பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். வரப்பில் மறித்து நின்றவர்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஐயாவுவும் ஒருவர். ஜெயிலில் அவரைச் சமையல்கட்டுக்குத் தள்ளினார்கள். களி கிண்டப் போன இடத்தில், அவருக்கே தெரியாமல் இருந்த ஒரு ஆசை வெளியே வந்தது. கடுகு எப்போது வெடிக்கும், பருப்பு எந்தப் பதத்தில் குழையும் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு அலுப்பே தட்டவில்லை. வெளியே வந்ததும் போராட்டப் பந்தல்களில் கஞ்சி காய்ச்சுகிற வேலை தானாக அவரிடம் வந்தது. கொடி பிடித்தவர்களின் பெயர் வெளியே தெரிந்தது. கஞ்சியில் உப்பு சரியாக இருந்ததற்குக் காரணம் யார் என்பது கஞ்சி குடித்தவர்களுக்குத் தெரியும்.

காலம் மாறியது. பண்ணையார் இடத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று பட்டா வந்தது. உச்சவரம்புக்கு மேல் இருந்ததால் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பண்ணை நிலத்தில் ஒரு துண்டு, கடைமடைப் பக்கம், அம்சத்தின் பெயருக்குக் கிடைத்தது. ஒரே மகள் செவ்வந்தி படித்து, திருக்காட்டுப்பள்ளியில் அரசுப் பள்ளி ஆசிரியை ஆனாள். இலவச கேஸ் அடுப்பு கொடுத்த கட்சி போய், இலவச மிக்சி கொடுக்கிற கட்சி ஆட்சிக்கு வந்த சமயத்தில், செவ்வந்தி பழைய கூரையைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டத் தொடங்கினாள்.

சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, சமையலறை மேடைக்கு கிரானைட் வந்து இறங்கிய அன்று கொத்தனார் மருதையன் கேட்டார்.

"அண்ணே, கல்ல அறுக்கணும். நடுவுல ஓட்டை போட்டு அறுக்கவா, முழுசா வுடவா?"

"கல்லுல எதுக்குப்பா ஓட்டை?"

செவ்வந்திதான் விளக்கினாள். இப்போது எல்லாரும் ஹாப் போடுகிறார்கள். கல்லைச் செவ்வகமாக வெட்டி அடுப்பை அதற்குள் பதித்துவிடுவது. மேடை மட்டத்துக்குக் கண்ணாடியும் பர்னர்களும் மட்டும்தான் தெரியும். பார்க்க அழகு. ஆனால் கல்லை ஒருமுறை வெட்டிவிட்டால் அதோடு சரி.

"நீங்கதானப்பா சமைக்கிறவங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க எதச் சொல்றீங்களோ அதான்."

ஐயாவு மேடைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். குடிசை இருந்த மனை பண்ணையார் கைகாட்டிய இடம். வயல் தாசில்தார் அளந்துவிட்ட இடம். கேஸ் அடுப்புகூட அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியதுதான். இதுவா அதுவா என்று அவரைப் பார்த்து இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒரு வாரம் குடு மருதையா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி.

மறுநாளே கிளம்பிவிட்டார். வாங்கவிருக்கும் அடுப்பைக் கண்ணால் பார்த்தால் போதாது, சமைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முதலில் கடைத்தெருவில் சேக் தாவூது வீட்டுக்குப் போனார். சேக் தாவூது துபாயில் இருந்தார். அவர் மனைவி பாத்திமாவின் வீட்டு மேடையில் கண்ணாடி போட்ட மூன்று பர்னர் அடுப்பு இருந்தது. கண்ணாடிக்கு அடியில் நீலப்பூ போட்டிருந்தது. அந்தப் பூவைப் பார்த்ததுமே ஐயாவு பாதி மயங்கிவிட்டார்.

"மாமா, பூவப் பாத்து ஏமாந்துராதீங்க" என்றாள் பாத்திமா. "நோன்புக்குக் கஞ்சி காய்ச்ச பெரிய தேக்சாவ ஏத்தி வைக்கவே எனக்குப் பயமா இருக்கும். கொஞ்சம் தட்டி வச்சாக்கூட கண்ணாடி உடைஞ்சிருமோன்னு இருக்கு."

ஐயாவு அவள் வீட்டில் ஒரு ரசம் வைத்துப் பார்த்தார். ரசம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் மேடை உயரம், அடுப்பு உயரம், சட்டி உயரம் மூன்றும் சேர்ந்து, உள்ளே நுரை கட்டியதா என்று பார்க்க அவர் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. ஐயாவு குள்ளம். இத்தனை வருஷம் தரையில் குந்தியே சமைத்ததால் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. இப்போது முட்டிவலி வந்துவிட்டதால் குந்தவும் முடியாது.

அடுத்தது கரண்டு அடுப்பு. செவ்வந்தி பள்ளியில் யாரிடமோ இரவல் வாங்கி வந்தாள். தீயே இல்லாமல் பாத்திரம் சுடுவதை அம்சம் மூன்று தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டீக்குப் பால் பொங்கி வருகிற நேரத்தில் கரண்டு போனது. அந்த வருஷம் கரண்டு வருவதைத்தான் அதிசயமாகப் பார்த்தார்கள். பாதி கொதித்த டீயை விறகடுப்புக்கு மாற்றிக் காய்ச்சிக் குடித்துவிட்டு, இரவல் அடுப்பைத் துடைத்துப் பையில் போட்டார் ஐயாவு.

மிச்சம் இருந்தது ஹாப். ஊரில் அது ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. பண்ணை வீட்டில்.

பழைய பண்ணையார் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. மகன் பஞ்சநதம்தான் இப்போது விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மங்களாம்பிகை செவ்வந்தி வேலை பார்க்கும் பள்ளியிலேயே கணக்கு டீச்சர். பேச்சுவாக்கில் செவ்வந்தி அப்பாவின் அடுப்புத் தேடலைச் சொல்ல, மங்களாம்பிகை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. எங்க வீட்டு அடுப்புல சமைச்சுப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் ஐயாவு பார்த்திருந்ததெல்லாம் கொல்லைப்புறமும் களமும் மாட்டுக்கொட்டகையும்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் மண்சட்டியும் விரால்மீனுமாக வாசலில் நின்றார்.

"வாங்க ஐயாவு, உள்ள வாங்க. செருப்ப அப்படி விட்டுட்டு வாங்க" என்றார் மங்களாம்பிகை.

கூடத்தைத் தாண்டி, பூஜை அறையைத் தாண்டி, நேரே சமையலறை. ஐயாவுவின் கால் ஒவ்வொரு நிலைப்படியிலும் கொஞ்சம் தயங்கியது. உள்ளே போனதும் தயக்கம் பறந்துவிட்டது. கறுப்புக் கல்லுக்குள் நாலு பர்னர்கள் தாமரை இலைபோல் படர்ந்து கிடந்தன. எதிரில் போய் நின்றார். சரியாக இடுப்பு மட்டம். சட்டிக்குள் தாராளமாக எட்டிப் பார்க்கலாம்.

மண்சட்டியைத் தூக்கி வைத்தார். உருண்டை அடி அகலமான கம்பிகளுக்கு நடுவே உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மங்களாம்பிகை தட்டையான பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஐயாவு எண்ணெய் ஊற்றினார். வெந்தயம் பொரிந்தது. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி மணம் கூடத்துக்குப் போனது. புளியைக் கரைத்து ஊற்றிக் கொதி வந்த நேரம், வயலுக்குப் போயிருந்த பஞ்சநதம் வந்துவிட்டார்.

சமையலறை வாசலில் நின்றவரைப் பார்த்ததும் ஐயாவு கரண்டியைக் கீழே வைத்தார். வரப்பில் மறியல் நடந்த அன்று, பஞ்சநதம் கல்லூரி லீவில் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதை இரண்டு பேருமே மறந்திருக்க வழியில்லை. ஐயா என்று கூப்பிடுவதைச் சங்கத்தில் சேர்ந்த நாளிலேயே விட்டாயிற்று. சார் என்றும் வாயில் வரவில்லை.

பஞ்சநதம் அடுப்பையும் ஐயாவுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீன் எப்ப போடுவீங்க?" என்று கேட்டார்.

"கொதி அடங்கி எண்ணெ பிரியணும். அப்பறந்தான்."

"இவ முன்னாடியே போட்டுருவா. அதான் உடைஞ்சு போவுது."

"நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடணும், எண்ணெய் பிரியறத யாரு பாத்துக்கிட்டு நிக்கறது?" என்றார் மங்களாம்பிகை.

அன்று பஞ்சநதம் மூன்றாவது முறை சோறு வாங்கினார். ஐயாவுவுக்கும் அதே மேஜையில் இலை போட்டார்கள். பேச்சு மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத் தாண்டவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

ஐயாவு வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். "ஹாப்புதான். கல்ல அறுக்கச் சொல்லு."

செவ்வந்திக்குச் சந்தோஷம். மூன்று பேருமாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்கள். ஐயாவு மண்சட்டியையும் சோற்றுக் குண்டானையும் கட்டைப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"கடையில எல்லாம் சட்டி வச்சிப் பாக்க விடுவாங்களாப்பா?" என்று செவ்வந்தி முணுமுணுத்தாள்.

கடைக்காரர் ஜெக்கரியா விட்டார். தாராளமாகவே விட்டார். வரிசையாக இருந்த ஹாப்புகள் மீதெல்லாம் ஐயாவு சட்டியை ஏற்றி இறக்கினார். எல்லாவற்றிலும் சட்டி சாய்ந்தது. குண்டானை வைத்தால் பக்கத்து பர்னரில் இடமில்லாமல் போனது. ஆனாலும் அவர் விடவில்லை. "இது பழகிரும். வேற சட்டி வாங்கிக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்சம் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு அடுப்பு வேணுமா, அவங்க வீட்டு அடுப்பு வேணுமா?"

ஐயாவு சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். கோபம் வரப் பார்த்தது. வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுச் சமையலறையில் நிமிர்ந்து நின்ற சுகம்தான் இத்தனை நேரமும் தன்னை இழுத்துக்கொண்டிருந்தது என்று அவருக்கு விளங்கியது.

"அது கெடக்கட்டும் அம்சம். எட்டிப் பாக்க உயரம் தோதா இருந்துச்சே, அதுக்கு என்ன பண்றது?"

"அதுக்குக் கொத்தனாரக் கேளுங்க. அடுப்புக் கடையில ஏன் கேக்குறீங்க?" என்றாள் அம்சம்.

செவ்வந்தி அங்கேயே மருதையனுக்கு போன் போட்டாள். மருதையன் யோசிக்கக்கூட இல்லை. மேடை முழுவதையும் ஒரே உயரமாக வைக்க வேண்டும் என்று யார் சொன்னது, அடுப்பு உட்காரும் இடத்தை மட்டும் அரைச் சாண் இறக்கிப் போட்டுவிடலாம், கல்லில் ஓட்டையும் வேண்டாம் என்றார். அடுப்பின் தலை மற்ற மேடையின் மட்டத்துக்கு வந்துவிடும், வேண்டும்போது தூக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?" என்று போனில் கேட்டார் ஐயாவு.

"நீங்க ஓட்டை போடறதா வேணாமான்னுதானண்ணே ஒரு வாரமா ரோசன பண்ணிக்கிட்டிருந்தீங்க" என்றார் மருதையன்.

அதற்குப் பிறகு தேர்வு செய்வது சுலபமாகிவிட்டது. ஜெக்கரியா உள்ளேயிருந்து ஸ்டீல் உடம்பும் பித்தளை பர்னருமாக மூன்று பர்னர் அடுப்பு ஒன்றை எடுத்து வந்தார். பர்னர்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. ஒன்று பெரியது, குண்டானுக்கு. சின்னது பாலுக்கு. நடுவில் இருந்ததில் கம்பிகள் நெருக்கமாக இருந்தன. மண்சட்டியை வைத்தார். ஆடாமல் உட்கார்ந்தது. ஐயாவு அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"கண்ணாடி இல்லியேப்பா" என்றாள் செவ்வந்தி, கடைசி முயற்சியாக.

"கண்ணாடியில மொகமா பாக்கப் போறோம்?" என்றாள் அம்சம். செவ்வந்தியும் சிரித்துவிட்டாள். வீட்டுக்கு முன்பக்கம் என்ன கலர் அடிப்பது என்பதை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதாக அங்கேயே ஒப்பந்தம் ஆனது.

தை மாதத்தில் புதுமனை புகுந்தார்கள். காலையில் சின்ன பர்னரில் பால் பொங்கியது. பொங்கி வழிந்ததை எல்லாரும் பார்க்கும்படி ஐயாவு விலகி நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரே வரும், வெளியாள் வைத்துச் சமைக்கலாம் என்று செவ்வந்தி எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. கொல்லையில் கல்லடுக்கிக் கோட்டை அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பதை மட்டும் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, விரால்மீன் குழம்பைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இறக்கிக் கட்டிய மேடைக்கு முன்னால் நின்று, அண்டாவுக்குள் பார்த்தபடி, பெரிய பர்னரை ஏற்றியும் இறக்கியும் விளையாடினார்.

பாத்திமா பிள்ளைகளோடு வந்தாள். மங்களாம்பிகை பட்டுப்புடவையில் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நேரே சமையலறைக்குப் போய் இறக்கின மேடையைக் கையால் அளந்து பார்த்தார். பஞ்சநதம் வரவில்லை. தஞ்சாவூரில் ஏதோ வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஐயாவு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்குவாளி ஒன்றில் குழம்பை ஊற்றி, மீன் உடையாமல் மேலே அடுக்கி, மங்களாம்பிகையிடம் கொடுத்தனுப்பினார்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மருதையன் கடைசி ஆளாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐயாவு அவருக்குப் பக்கத்தில் நின்று தானே பரிமாறினார்.

"அண்ணே, கீழத்தெருவுல ஒரு வீட்டுல மேடை கட்டச் சொல்றாங்க. அடுப்பு எப்படி வைக்கணும்னு அவங்களுக்கும் ஒண்ணும் புரியல. நீங்க வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்றீங்களா?"

"எப்ப போவணும்?" என்று கேட்டார் ஐயாவு. அகப்பைகூட இன்னும் கையில்தான் இருந்தது.