ரிஃபியூட் செய்ய வாங்க

மழை பெய்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குள் ஒழுகுகிறது என்று போன வாரம் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கடிதம் கொடுத்திருந்தோம். இன்று காலை பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. கூரை ஒழுகுகிறது என்பதை நிர்வாகம் ‘ரிஃபியூட்’ செய்கிறதாம்.

வட்டகொடையில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறவள் நான். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? கடிதத்தோடு ஆபீசுக்கே போய்விட்டேன்.

“ஐயா, இதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டேன்.

“ஒழுகலன்னு சொல்றோம். அவ்வளவுதான் டீச்சர்.”

“அதுக்கு ‘டினை’ன்னு எழுதணுங்க. டினைன்னா வெறுமனே இல்லைன்னு மறுக்கிறது. ரிஃபியூட்னா ஆதாரம் காட்டி, நாங்க சொன்னது தப்புன்னு நிரூபிக்கிறது. ஆதாரம் எங்கங்க?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுன்னா கொஞ்சம் வெயிட்டா இருக்கும்னு மேனேஜர் தொரை போட்டாரு.”

அவர் மேசையிலேயே ஒரு தாள் வாங்கிப் பதில் எழுதினேன். நானும் ஆங்கிலத்தில்தான்.

‘ரிஃபியூட் செய்ய நிர்வாகத்தை அன்போடு அழைக்கிறோம். மழை நேரத்தில் வரவும். வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.’

படித்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இத எப்படி டீச்சர் தொரைகிட்ட குடுக்கிறது?”

“வெயிட்டா குடுங்க ஐயா.”

இதை டைப் செய்யும்போது மழை பிடித்துவிட்டது. வாளி பாதி நிறைந்துவிட்டது. நாற்காலி மட்டும் காலி.

உங்கள் லயத்துக்கு எந்தச் சொல்லால் கூரை போட்டிருக்கிறார்கள்?